நெல் மூச்சு விடும் என்று நான் சொன்னேன்

நெல் மூச்சு விடுகிறது என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். நான் நம்பிய முட்டாள்தனங்களை வரிசையில் நிறுத்தினால் அது நெல் கொள்முதல் நிலையத்து வரிசையைவிட நீளும். ஆனாலும் முதல் டோக்கன் இதற்குத்தான். காலையில் நெல் ஈரத்தை உள்ளே இழுக்கும், உச்சி வெயிலில் வெளியே விடும், சாயங்காலம் மறுபடி இழுத்துக்கொள்ளும். இதை நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். டீக்கடையில் நின்று நான்கு பேருக்கு விளக்கினேன். பிஸ்கெட் அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் படம் வரைந்து காட்டினேன். அவர்களில் ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். அது கழுத்துப் பிடிப்பைத் தளர்த்த ஆட்டியது என்று மறுநாள்தான் தெரிந்தது.

தஞ்சாவூரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், திருவிழாவில் ஓடுகிற சீரியல் லைட் போர்டு, செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தால் பம்புசெட்டை ஓட்டுகிற பெட்டி, எல்லாம் அங்கே வரும். சில சரியாகியும் திரும்பிப் போகும். அக்கா வாழ்க்கைப்பட்டது குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அத்தான் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போடுகிறவர். எங்கள் பக்கத்தில் குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஊருக்குள் வரும். எது முந்திக்கொள்கிறது என்பதில்தான் அந்த வருடத்துச் சோறு இருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க வேண்டுமானால் அதன் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழைத் தாண்டக் கூடாது. அங்கே ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். ஒரு பிடி நெல்லைப் போட்டால் எண் சொல்லும். முந்தைய வருடம் அத்தான் நெல்லை மூட்டை பிடித்துக் கொண்டுபோய் அந்த மீட்டருக்கு முன்னால் நின்றார். பத்தொன்பது என்றது. திரும்பக் கொண்டுவந்து கொட்டிக் காயவைத்து, மறுபடி வரிசையில் நின்றார். பதினெட்டு. மூன்றாவது முறைதான் எடுத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு நாங்கள் போயிருந்தபோது இதைச் சொல்லிவிட்டு, போவதற்கு முன்பே எண் தெரிந்துவிட்டால் இத்தனை அலைச்சல் இல்லை என்றார். பொதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போது ஓடிக்கொண்டிருந்த ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் நடுவில் புகுந்து, "நான் செஞ்சு தர்றேன் அத்தான்" என்று வாயைக் கொடுத்தேன்.

அவர் ஃபேனிலிருந்து பார்வையை இறக்கி என்னைப் பார்த்தார். இருபது வருடமாக என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார். "செய்வீங்களா மாப்ள?" என்று அன்றுதான் முதல்முறையாக 'ங்க' போட்டார். அந்த இரண்டெழுத்துக்கு நான் கொடுத்த விலை பிறகு வருகிறது.

மீட்டர் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பெரிய எவர்சில்வர் டம்ளருக்குள் சின்ன எவர்சில்வர் டம்ளர், இரண்டும் தொடாமல். நடுவில் உள்ள இடைவெளியில் நெல்லைக் கொட்ட வேண்டும். ஒரு மைக்ரோகண்ட்ரோலர் ஐ.சி.யின், அதாவது நிரல் ஏற்றி ஓட்டுகிற சின்னச் சில்லின், காலிலிருந்து ஆன், ஆஃப், ஆன், ஆஃப் என்று நொடிக்குப் பல ஆயிரம் தடவை துடிக்கிற மின்சாரத்தை, பி.டபிள்யு.எம். என்பார்கள், அந்த டம்ளர்களுக்கு அனுப்ப வேண்டும். நெல்லில் ஈரம் அதிகமானால் அந்தத் துடிப்பை அது அதிகமாக விழுங்கும். மிச்சம் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் ஈரம் தெரிந்துவிடும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: துடிப்பின் வேகம் மாறக் கூடாது. வேகம் மாறினால் எண்ணும் மாறும், நெல் மாறாமலேயே.

இந்த நிபந்தனை எனக்குத் தெரியாததல்ல. அதற்காகவே புதுக் கிரிஸ்டல் ஒன்று வாங்கிப் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். கிரிஸ்டல் என்பது தகர மூடிக்குள் இருக்கும் துளியூண்டு குவார்ட்ஸ் துண்டு. வெயிலோ மழையோ, தன் தாளத்தை விடாது. ஐ.சி. அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் ஓட வேண்டும். ஐ.சி.யை மட்டும் புதிதாக வாங்கவில்லை. கடையில் பழைய சீரியல் லைட் போர்டு ஒன்று கிடந்தது. ஒரு திருவிழாவுக்கு நான் செய்து கொடுத்து, மயில் தோகை விரிப்பது போல விளக்குகளை ஓட்டிய போர்டு. அதன் ஐ.சி.யைப் பிடுங்கி, பழைய நிரலை அழித்து என் நிரலை ஏற்றிக்கொண்டேன். சின்ன வித்தியாசத்தையும் பெரிதாகக் காட்டட்டும் என்று ஒரு கம்பிச் சுருளையும், காயில் என்பார்கள், சேர்த்தேன். என் புத்திசாலித்தனம் எங்கெல்லாம் நுழைந்ததோ அங்கெல்லாம் எனக்கு ஒரு குழி வெட்டி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தது.

தெரிந்த ரைஸ் மில் ஒன்றில் இருந்த மீட்டரோடு ஒப்பிட்டு, என் கடை நிழலில், ஃபேனுக்கு அடியில் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லின. அன்று சாயங்காலம் ஒரு பொட்டலம் காராசேவு வாங்கி எனக்கு நானே விழா எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் மிஷின் அறுப்பு முடிந்த கையோடு நான் போய் இறங்கினேன். கொள்முதல் நிலையத்துக் களம் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் நெல்லெல்லாம் தார்ச் சாலையில் காய்ந்தது. சாலையின் பாதி நெல்லுக்கு, பாதி பஸ்ஸுக்கு. இரண்டுக்கும் எல்லையாகக் கல்லும் முள்கிளையும் வைத்திருந்தார்கள். நிலையத்தில் நெல் போட எங்களுக்கு வியாழக்கிழமை முறை. பக்கத்துக் குவியல்காரருக்குச் சனிக்கிழமை. எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. நெல் இன்னும் காயவில்லை என்று தோன்றினால், காய்ந்தவரோடு முறையை மாற்றிக்கொள்ளலாம். யாரும் எழுதி வைப்பதில்லை. நிலையத்திலும் இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னால் சரி என்பார்கள். பக்கத்துக் குவியல்காரர் தன் முறையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவர் நெல் எங்களுக்கு இரண்டு நாள் முன்னால் அறுத்தது. வியாழக்கிழமைக்கு அவருக்குத் தயார்.

ஆக அத்தானுக்கு முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான். வியாழக்கிழமைக்குள் நெல் காய்ந்துவிடுமா, இல்லையா. தெரிந்தால் முறையை மாற்றிக்கொள்ளலாம், அல்லது வைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லத்தான் நான் இரண்டு டம்ளரோடு வந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இருபத்தொன்று. பன்னிரண்டு மணிக்குப் பதினெட்டு. ஒரு மணிக்குப் பதினேழரை. சாயங்காலம் ஐந்துக்கு மறுபடி இருபதே முக்கால். மீட்டரை நெல்லுக்குப் பக்கத்தில் தார் ரோட்டிலேயே வைத்திருந்தேன், கண்ணெதிரில் இருக்கட்டும் என்று. எண்ணைப் பார்த்தேன். நெல்லைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விதை சுவாசிக்கும் என்று படித்த ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், எனக்கு ஞானோதயம்.

அத்தானிடம் சொன்னேன். அவர் நான்கு பேருக்குச் சொன்னார். நான் டீக்கடையில் போய் மேலும் நான்கு பேருக்குச் சொன்னேன். இதில் கொடுமை என்னவென்றால், அத்தான் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டார். நெல் உச்சி வெயிலில் மூச்சை வெளியே விடுகிறது என்றால், அந்த நேரத்தில் மூட்டை பிடித்து வாயைத் தைத்துவிட்டால் திரும்ப எப்படி உள்ளே இழுக்கும் என்று கேட்டார். அதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. நான் கண்டுபிடித்தேன், அவர் அதைத் தொழில்நுட்பமாக்கிவிட்டார்.

அக்கா அந்த நேரத்தில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்தால் சால் போலக் கோடு விழும், அடியில் இருப்பது மேலே வரும். ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். துப்பினாள்.

"இன்னும் ரெண்டு வெயிலு வேணும்டா. மெத்துன்னு இருக்கு. டக்குன்னு உடையல."

"அக்கா, பல்லுல பாயிண்ட் கணக்கு தெரியாது. இது பதினாறு பாயிண்ட் எட்டு காட்டுது."

"காட்டட்டும். நான் கடிச்சதச் சொன்னேன்."

அது புதன்கிழமை ஒன்றரை மணி. தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. மீட்டர் பதினாறு பாயிண்ட் எட்டு காட்டியது உண்மைதான். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் ஒரு நிமிடம் அக்காவின் வாயையும், ஒரு நிமிடம் என் டம்ளரையும் பார்த்தார். பிறகு பக்கத்துக் குவியல்காரரிடம் போய், முறையை மாற்ற வேண்டாம், எங்களுக்குக் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். சுடச்சுட மூட்டை பிடித்தோம். சாக்கின் வாயைத் தைக்கும்போது, மூச்சு உள்ளே போய்விடக் கூடாதே என்று இழுத்து இழுத்துத் தைத்தவன் நான். விரலில் ஊசிகூடக் குத்தியது. அது அப்போதே ஏதோ சொல்ல முயன்றிருக்கிறது.

வியாழக்கிழமை காலை நிலையத்தில் எங்கள் முறை வந்தது. பட்டியல் எழுத்தர் மூன்று மூட்டைகளில் குத்தூசி விட்டு நெல் எடுத்தார். அவருடைய மீட்டர் மூன்று முறையும் இருபதைத் தாண்டியது. அவர் கோபப்படவில்லை; முகத்தில் தூக்கம் தவிர எதுவும் இல்லை. நான் விடவில்லை. மஞ்சள் பையிலிருந்து என் டம்ளர்களை வெளியே எடுத்து, அவர் மேசை மேலேயே வைத்து, அதே நெல்லைப் போட்டேன். என் மீட்டரும் இருபது பாயிண்ட் ஒன்று காட்டியது.

அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு மீட்டரும் ஒத்துப்போகின்றன, ஆகவே என் மீட்டர் சரி, ஆகவே மூட்டைக்குள் இருந்தபடியே நெல் எப்படியோ மூச்சை உள்ளே இழுத்துவிட்டது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க மூச்சு விடுங்க. நெல்லைக் காய வைங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார். அடுத்த முறை செவ்வாய்க்கிழமைதான் என்றார்கள். பக்கத்துக் குவியல்காரரோடு இனி மாற்றிக்கொள்ளவும் எங்களிடம் முறை எதுவும் இல்லை. திரும்பச் சாலையில் கொட்டினோம். ஒரு நாள் வெயில் போயே போய்விட்டது. டிவியில் வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

வியாழன் மத்தியானத்திலிருந்து வெள்ளி மத்தியானம் வரை நான் செய்ததையெல்லாம் யாராவது படம் பிடித்திருந்தால் அதைக் கல்யாண வீடுகளில் போட்டுக் காட்டலாம். பேட்டரி மாற்றினேன். அது நல்ல பேட்டரி. வயர்களைப் பிடுங்கி வேறு வயர் போட்டேன். பழைய வயரே மேல். டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். எண் மாறவில்லை, டம்ளர்தான் பளபளவென்று ஆனது. எல்லா ஈயப் பற்றுகளையும் உருக்கி மறுபடி பற்றவைத்தேன், அத்தான் வீட்டு அடுப்பங்கரையில், அக்கா சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கும்போது. நிரலைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அதை வரிவரியாகப் படித்தேன். அதில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது; என் கையெழுத்தில்தான், நிரலில் இல்லை. ஒரு கட்டத்தில் அந்தச் சாலையில் தெற்கு வடக்காக உட்கார்ந்து அளக்காமல் கிழக்கு மேற்காக உட்கார்ந்து அளந்தால் என்ன என்று யோசித்தேன். யோசித்ததோடு நிற்கவில்லை, உட்கார்ந்தும் பார்த்தேன்.

எண் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வெயில் ஏறினால் இறங்கும். வெயில் இறங்கினால் ஏறும். நெல் இப்போது உண்மையில் எந்த அளவில் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, அக்காவின் பல்லைத் தவிர. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னோடு படித்த ஒருவன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறான். அவனுக்கு போன் போட்டேன். பத்து நிமிடம் என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி.

"கிளாக்க அளந்து பாத்தியாடா?"

"அதெல்லாம் கிரிஸ்டல் போட்டிருக்கேன்டா. அது நகராது."

"போட்டிருக்கறது சரி. அதுலதான் ஓடுதான்னு பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருடம் கையில் சூடுவைத்துக்கொண்டு பற்றவைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. பஸ் வருகிறது என்று சொல்லி போனை வைத்தேன். பஸ் எதுவும் வரவில்லை. அந்தப் போர்டில் நான் சந்தேகப்படாமல் விட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான். அது அந்தக் கிரிஸ்டல். புதிதாகக் காசு கொடுத்து வாங்கியது அது மட்டும்தான் என்பதால் அதன் மேல் எனக்கு ஒரு மாமனார் மரியாதை இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மீன்காரர் வந்தார். கடற்கரையிலிருந்து மொபெட்டில் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர். எங்கள் நெல் அவர் வழியை மறித்திருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, வழிவிடச் சொல்லாமல், நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார். நான் அப்போது மீட்டரின் மூடியைத் திறந்து ஐ.சி.யைத் தொட்டுப் பார்த்து, சூட்டில் கையை உதறிக்கொண்டிருந்தேன். என்ன அது என்று கேட்டார். ரோட்டுச் சூட்டில் கொதித்துப்போய்க் கிடக்கிறது, அதற்குக் காய்ச்சல் என்றேன். எனக்கும்தான் என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்ப ஐஸ் வைங்க. மீனுக்கே வைக்கிறோம். அது என்ன பாவம் பண்ணுச்சு."

பெட்டியைத் திறந்து இரண்டு துண்டு ஐஸை எடுத்து, ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். ஒரு பைத்தியத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்கிற பாசத்தோடு கொடுத்தார். நான் பையை ஐ.சி.யின் தலையில் வைத்தேன். டம்ளருக்குள் நெல் அப்படியே இருந்தது, மூடி போட்டிருந்தது, அதை யாரும் தொடவில்லை. எண் பதினாறு பாயிண்ட் இரண்டில் இருந்தது. பதினேழானது. பதினெட்டானது. பத்தொன்பதில் வந்து நின்றது.

பையை எடுத்தேன். தார்ச் சூட்டில் மெதுவாகத் திரும்ப இறங்கியது. மறுபடி வைத்தேன். ஏறியது.

மீன்காரர் அதை நான்கு முறை பார்த்தார். "நல்லாத்தான் விளையாடுறீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை நெல் மேல் ஏறாமல் ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். பை மட்டும் மீன் வாசனையோடு என் கையில் இருந்தது. மூச்சு விட்டது நெல் இல்லை. டம்ளருக்குள் பூட்டிக் கிடந்த ஒரு பிடி நெல்லுக்கும் என் ஐஸுக்கும் சம்பந்தமே இல்லை. சூடேறியது ஐ.சி., தாளத்தைத் தவறவிட்டதும் ஐ.சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வேலை செய்வதுபோல, வெயில் ஏற ஏற அதன் துடிப்பு மந்தமாகியிருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்துத் துடிப்பை நேராக அளந்தேன். ஐஸ் வைத்தால் ஒரு வேகம், எடுத்தால் வேறு வேகம். அந்தச் சின்ன வித்தியாசத்தை என் காயில் பூதாகரமாக்கிக் காட்டியிருக்கிறது.

ஆனால் கிரிஸ்டல் இருந்தால் இப்படி ஆகாதே. அந்த வெயிலில், சாலையில் உட்கார்ந்து, நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே சரியான சோதனையைச் செய்தேன். கட்டரை எடுத்தேன். கிரிஸ்டலின் இரண்டு கால்களையும் வெட்டினேன். அது டக்கென்று விழுந்து நெல்லுக்குள் மறைந்துவிட்டது.

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எண்கூடச் சிமிட்டவில்லை. இதயத்தை வெட்டி எடுத்த பிறகும் ஒருவன் எழுந்து நடந்து போவது போல, அது பாட்டுக்குப் பதினாறு பாயிண்ட் மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மயில் ஞாபகத்துக்கு வந்தது. சீரியல் லைட்டுக்குத் துல்லியமான தாளம் தேவையில்லை. மயில் கொஞ்சம் வேகமாகத் தோகை விரித்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதனால் கிரிஸ்டல் செலவை மிச்சம் பிடிக்க, ஐ.சி.க்கு உள்ளேயே இருக்கிற மலிவான கடிகாரத்தில் ஓடும்படி அன்றைக்கு ஒரு செட்டிங் போட்டிருந்தேன். நிரலை அழித்தாலும் அந்தச் செட்டிங் அழியாது. அதைத் தனியாக மாற்ற வேண்டும். நான் மாற்றவில்லை. வெளியில் வைத்த கிரிஸ்டலும் உள்ளே இருந்த கடிகாரமும் பேருக்கு ஒரே வேகம் என்பதால் நிழலில் இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. நான் பற்றவைத்த நாளிலிருந்து அந்தக் கிரிஸ்டல் போர்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

செட்டிங்கை மாற்ற ஒரு நிமிடம் போதும். அதற்கான கேபிளும் கம்ப்யூட்டரும் தஞ்சாவூரில் கடையில் இருந்தன. பஸ் ஏறினேன். புதுக் கிரிஸ்டல் ஒன்றைப் பற்றவைத்தேன், செட்டிங்கை மாற்றினேன், இம்முறை கட்டரை வைத்து மிரட்டியும் பார்த்தேன்: கிரிஸ்டலின் ஒரு காலைத் தூக்கியதும் மீட்டர் செத்தது, வைத்ததும் உயிர் வந்தது. மீட்டரை வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்தேன், ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். எண் அசையவில்லை. இந்தத் தடவை காராசேவு வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை திரும்பி வந்தேன். வெயிலில் வைத்து அளந்தேன், நிழலில் வைத்து அளந்தேன், சாலையில் வைத்து அளந்தேன். எல்லா இடத்திலும் பதினேழு பாயிண்ட் இரண்டு. மத்தியானம் பதினாறு பாயிண்ட் ஏழு. அக்கா ஒரு நெல்லைக் கடித்தாள். டக்கென்று உடைந்த சத்தம் எனக்கும் கேட்டது.

"இப்பக் காஞ்சிருச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றுதான் பக்கத்துக் குவியல்காரரின் முறை. அவர் நெல்லை எடை போட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எங்களுடையதையும் அன்றே எடுத்துக்கொள்ளச் சொல்லி அத்தான் எழுத்தரிடம் போய் நின்றார். வரிசையில் இருந்த எல்லாருடைய நெல்லும் காய்ந்துதான் இருந்தது. எல்லாரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரை விலகச் சொல்ல முடியும். எழுத்தர் செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வரச் சொன்னார். வீட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று டிராக்டர் தேடினோம். ஓடுகிற டிராக்டர் எல்லாம் வேறு நெல்லை ஏற்றிக்கொண்டிருந்தது. மூட்டை பிடித்து, சாலை ஓரத்தில் பலகை போட்டு அடுக்கி, இரண்டு தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டினோம். முடிச்சுப் போடுவதில் நான் கெட்டிக்காரன். அதில் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை ஆரம்பித்தது. புதன்கிழமை வரை விடவில்லை. செவ்வாய்க்கிழமை நிலையமே திறக்கவில்லை. மேலே தார்ப்பாய் தாங்கியது. தண்ணீர் கீழே இருந்து வந்தது. வாய்க்கால் நிரம்பிச் சாலை ஓரம் ஏறிப் பலகைக்கு மேல் நின்றது.

வியாழக்கிழமை தார்ப்பாயை எடுத்தபோது உள்ளேயிருந்து சூடு அடித்தது. அக்கா சாக்கின் தையலைப் பிரித்துக் கையை விட்டாள். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் நெல் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாக வந்தது. ஒவ்வொன்றின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முனை. அத்தான் என் பையைப் பார்த்துக் கையை நீட்டினார். மீட்டரை எடுத்துக் கொடுத்தேன். அவரே ஒரு பிடியை உதிர்த்து டம்ளரில் போட்டு மூடினார்.

"எவ்வளவு மாப்ள?"

"இருபத்தேழு அத்தான்."

தூறல் விட்டு வெயில் லேசாக வந்தது. அவர் மீட்டரை வெயிலில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் நிழலில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப சரியாத்தான் காட்டுது" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். ஐ.சி. தன் உள்கடிகாரத்தில் ஓடியது, அந்தக் கடிகாரம் தார் ரோட்டுச் சூட்டில் மெதுவானது, அதனால் இருபதில் இருந்த நெல்லை மீட்டர் பதினாறு பாயிண்ட் எட்டு என்றது, அதை நம்பி அத்தான் முறையை மாற்றிக்கொள்ளாமல் விட்டார். நெல் மழையில் நனைந்து முளைத்தது. நிலையத்தில் எடுக்கவில்லை. மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று.